குட்டை இறகு

கெம்பராஜு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.
பஞ்சுக்குள் ஒரு ஜோடி இறக்கை,
நடுவில் கிரீடம்,
கருநீலத் துணியில் மங்கிய பட்டு.
"ஒரிஜினல் அல்வா, மேடம்?" என்றார்.
கன்னடத்தில் அதற்கு 'இல்லையா' என்று பொருள்.
சிவாஜிநகரில் பிறந்த என் தமிழ்க் காதுக்கு
அல்வா என்றால் அல்வாதான்;
கொடுப்பவரையும் வாங்குபவரையும்
சேர்த்தே ஞாபகப்படுத்தும் பண்டம்.

சிரிக்கவில்லை. விளக்கை இழுத்தேன்.

முதலில் ஊதா டார்ச்.
பிற்காலத்து நூலாயிருந்தால்
கல்யாண மண்டப வாசல் மாதிரி
பளீரென்று காட்டிக்கொடுத்துவிடும்.
இது இருட்டாகவே இருந்தது.
துணியின் முதுகில் பசைக் கறை,
துருப்பிடித்த ஊசித் தடம்,
பூட்டிய டிரங்குப் பெட்டியின் மக்கல் வாசனை.
எல்லாம் நல்ல சாட்சிகள்.
நல்ல சாட்சிகளைக் கண்டால்
எனக்குக் கொஞ்சம் பயம்.

"ஃபோட்டோவும் இருக்கு" என்றார்.
உள்ளங்கை அளவு பிரிண்ட்,
இறக்கையை மட்டும் பெரிதாக்கி வெட்டியது.
எழுத்துகள் வெறும் வெள்ளைக் கசிவு.
இறகுகளை எண்ணலாம்.
எண்ணினேன்.
என் இடக்கைப் பக்கம், கீழிருந்து இரண்டாவது
பாதியில் நின்றுபோயிருந்தது.
தைத்தவருக்குச் சாப்பாட்டு மணி அடித்ததோ,
நூல் தீர்ந்ததோ.
டப்பாவில் இருந்ததிலும்
அதே பக்கம், அதே இரண்டாவது, அதே பாதி.

கையால் தைத்த காலத்தில்
பிழைதான் கைரேகை.
பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்,
'அசல்' என்று எழுத.
மூன்றே எழுத்து, ஐநூறு ரூபாய்.

அப்போதுதான் கேட்டேன்:
"முழுப் படம் இல்லையா?"

இருந்தது, காரில்.
அவர் கீழே போய் வருவதற்குள்
யெலஹங்கா பக்கமிருந்து ஒரு ஜெட்
கூரையைக் கிழித்துக்கொண்டு போனது.
ஜன்னலுக்கு வெளியே கறிக்கடை வரிசையில்
ஒருவரும் நிமிரவில்லை.

முழுப் படத்தில்
ஹாங்கர் வாசலில் ஓர் இளைஞன்.
இருபத்திரண்டு இருக்கும்.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறான்.
பின்னால் பெட்ரோல் பீப்பாய்கள், பாதி நாய்.
கோட்டுப் பொத்தான்கள்
பெண்கள் சட்டை மாதிரி, வலது விளிம்பு மேலே.
கடிகாரம் வலது மணிக்கட்டில்.
இறக்கை வலது மார்பில்.

அந்தப் படையில்
இறக்கைக்கு இடம் இதயத்தின் மேல்தான்.
மாற்றிக் குத்திக்கொண்டு
பரேடில் நிற்க விட மாட்டார்கள்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு
பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள்,
ஏதோ ஸ்டூடியோவில், ஏதோ சாயங்கால அவசரத்தில்.
அப்படியானால் அவன் உடம்பில்
குட்டை இறகு இருந்தது மறுபக்கம்.
அப்படியானால் டப்பாவில் இருப்பது
அவன் மார்பைப் பார்த்ததே இல்லை.
பார்த்தது இந்தக் காகிதத்தை.

பழைய கோட்டு ஒன்றை வெட்டி
பழைய பட்டைப் பிரித்து
லென்ஸ் வைத்து, இறகு இறகாக,
பிழையைக்கூடப் பிழையில்லாமல்
யாரோ தைத்திருக்கிறார்.
நூல் பழசு, துணி பழசு, துரு பழசு.
பொய் மட்டும் போன வருஷத்தது.

சொன்னேன்.
கெம்பராஜு தன் வாட்சைப் பார்த்தார்,
குனிந்து சட்டைப் பொத்தானைத் தடவினார்,
மறுபடி படத்தைப் பார்த்தார்.
புரிந்ததும் ஒரு வார்த்தை சொன்னார்,
மொழிபெயர்க்கத் தேவையில்லாத ரகம்.
நாற்பதாயிரம் கொடுத்திருந்தாராம்.
டப்பாவை மூடி எடுத்துக்கொண்டார்.
படத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்ப,
கூப்பிட்டு இருநூறு கொடுத்தேன்,
என் ஐநூறில் கழித்து.

இரவு, வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன்
அவனைப் பிடித்தேன்.
பொத்தான்கள் மாறிக்கொண்டன.
கடிகாரம் இடது கைக்குப் போனது.
இறக்கை இதயத்துக்கு,
குட்டை இறகு தன் பக்கத்துக்கு,
வகிடு அவன் வீட்டார் அறிந்த பக்கத்துக்கு.
நாய் மட்டும் இன்னும் பாதி.

இப்போது அவன் சரி.
பக்கத்தில் நான்,
மச்சம் தப்பான கன்னத்தில்.